நாலாவது மாடி லிஃப்ட் கதவும் கிஷோரின் கல்யாணமும்

மந்தைவெளி,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பும் பண்பும் நிறைந்த என் தம்பி ரகுபதிக்கு, உன் அக்கா தேவானை ஆசிகள் பல கூறி எழுதிக்கொள்வது. இவ்விடம் என் வலது முழங்கால் நீங்கலாக யாவும் நலம். அவ்விடம் உன்னுடைய சர்க்கரையும், அன்புக்கரசியின் தைராய்டும், சிரஞ்சீவி கிஷோரின் உத்தியோகமும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன்.

வியாழக்கிழமை நீ தொலைபேசியில் கேட்ட விஷயத்துக்குப் பதில் சொல்லவே இந்தக் கடிதம். இந்தக் காலத்தில் அக்கா ஏன் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நீ சிரிக்கலாம். போனில் எனக்குச் சத்தமாகத்தான் பேச வரும். முப்பத்தோரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை இது, பேசினால் மேல் வீடு கீழ் வீடு எல்லாருக்கும் கேட்கும். வாட்ஸப்பில் அனுப்பலாமென்றால், போன ஆடி மாதம் உனக்கென்று நினைத்து "நாலாவது மாடிக்காரங்களுக்குக் கைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா" என்று நான் தட்டியது எங்கள் அபார்ட்மென்ட் குரூப்புக்குப் போய்விட்டது. பதினாலு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அதில் நாலாவது மாடிக்காரரும் ஒருவர். ஆகவே கடிதம்.

நீ கேட்டது என்ன? "அக்கா, உங்க பில்டிங்ல நாலாவது மாடி பாண்டுரங்கன் இருக்காரில்ல, அவர் பொண்ணு ஆஷாவை நம்ம கிஷோருக்குப் பார்த்திருக்கோம். ஜாதகம் பொருந்திடுச்சு. கோயில்ல வச்சுப் பொண்ணும் பார்த்தாச்சு. கிஷோருக்குப் பிடிச்சிருக்கு. ஆனா அன்னிக்கு அவங்க ஒரு மணி நேரம் லேட்டா வந்தாங்க, வெறுங்கையை வீசிக்கிட்டு வந்தாங்க, அதனால அன்புக்கரசிக்கு மனசு ஒப்பல. நீ அதே பில்டிங்ல இருக்கே, குடும்பம் எப்படி, பொண்ணு எப்படின்னு ஒரு வார்த்தை சொல்லு. நீ சரின்னா சரி, வேணாம்னா வேணாம்." இவ்வளவும் நடந்து முடிகிற வரைக்கும் கூடப் பிறந்த அக்காவிடம் மூச்சு விடவில்லை. கேட்டால் திருஷ்டி பட்டுவிடும், முடிந்ததும் சொல்லலாமென்று இருந்தாயாம். என் கண்தான் திருஷ்டிக் கண்ணா? அது கிடக்கட்டும். அதை உன் மகன் கல்யாணப் பந்தியில் வைத்துப் பேசிக்கொள்கிறேன்.

என் பதில்: வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

ஏன் என்று கேள். தை பிறந்ததும் இந்த ஃப்ளாட்டைப் பூட்டிக்கொண்டு அடையாறில் உன் வீட்டு மாடி ரூமுக்கே வந்துவிடுகிறேன் என்று சொன்னேன் இல்லையா? நீயும் ஆள் வைத்து சுண்ணாம்பு அடிக்கிறேன் என்றாய். வயசாகிவிட்டது, தனியாக இருக்க முடியவில்லை, அதனால்தான் அக்கா வருகிறாள் என்று நீங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தனியாக இருக்க எனக்கு ஒரு பயமும் கிடையாதுடா. உன் மாமா போன இந்த ஒன்பது வருஷமாகத் தனியாகத்தானே இருக்கிறேன்? நான் வீட்டை விட்டு ஓடி வருவதே இந்த ஆஷாவிடமிருந்து தப்பிக்கத்தான். யாருக்குப் பயந்து ஓடி வருகிறேனோ அவளுக்கே நீ ஆரத்தி எடுத்து அதே வீட்டுக்குள் கூப்பிடுகிறாய்!

விஷயத்தைச் சொல்றேன், பொறுமையாப் படி. எங்க லிஃப்ட் தொண்ணூத்து நாலுல போட்டது. வெளியில ஒரு கம்பிக் கதவு, உள்ளே ஒரு கம்பிக் கதவு. ரெண்டையும் இழுத்து "டக்"குனு சத்தம் வர்ற வரைக்கும் மூடினாத்தான் அது நகரும். மூடலைன்னா நின்ன இடத்துலயே நின்னுக்கிட்டு, ஒரு பொம்பளைக் குரல்ல முதல்ல இங்கிலீஷ்ல கெஞ்சும், அப்புறம் இந்தியில கெஞ்சும், கதவை மூடுங்க கதவை மூடுங்கன்னு. நடுவுல கொஞ்சம் பியானோ வேற. எட்டு செகண்டுக்கு ஒரு தடவை, நான் எண்ணியே பார்த்துட்டேன். தமிழ்ல சொல்லாதாய்யான்னு சர்வீஸுக்கு வந்தவரைக் கேட்டா, அந்த சிப் ஸ்டாக் இல்லம்மான்னுட்டுப் போயிட்டார். நானும் குரலை வச்சுச் சம்பளம் வாங்கினவதான் ரகு, ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் "லைன்ல இருங்க"ன்னு சொல்லுவேன். இவளை மாதிரி நாள் முழுக்க ஒரே பாட்டைப் பாடியிருந்தா என்னை அன்னிக்கே வேலையை விட்டுத் தூக்கியிருப்பாங்க.

காலைல எட்டு நாப்பது. ஆஷா ஆபீஸ் கிளம்புற நேரம். லிஃப்டை நாலாவது மாடிக்கு வரவழைப்பா, ரெண்டு கதவையும் அகலத் திறப்பா, பையை உள்ளே வைப்பா, வச்சதும் எதையோ மறந்தது ஞாபகம் வரும். ஒரு நாள் கழுத்துல மாட்டுற அட்டை, ஒரு நாள் சார்ஜர், ஒரு நாள் டிபன் பாக்ஸ், ஒரு நாள் ஒரு கால்ல பிரவுன் செருப்பும் இன்னொரு கால்ல கறுப்புச் செருப்பும் போட்டுக்கிட்டு வந்து நின்னுச்சு அந்த மகராசி. கதவைத் திறந்தபடியே போட்டுட்டு உள்ளே ஓடுவா. உடனே அந்த இந்திக்காரி ஆரம்பிச்சுடுவா. என் வாசக் கதவு லிஃப்டுக்கு நேர் எதிர்ல, அதனால என் ஹால்லயே வந்து உட்கார்ந்து அழற மாதிரி கேக்கும். வாரத்துல மூணு நாள் எனக்கு ஆழ்வார்பேட்டையில முழங்காலுக்கு பிசியோதெரபி, ஒம்பது மணிக்கு அங்க இருக்கணும். நான் மூணாவது மாடியில பட்டனை அமுக்கி அமுக்கி விரல் தேய்ஞ்சு, கடைசியில கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு பதினெட்டுப் படி மேலே ஏறி, கதவை மூடி, அப்புறம் அதுல கீழே போவேன். கீழே போறதுக்காக மேலே ஏறுற ஒரே பொம்பளை இந்த மெட்ராஸ்ல நான்தான்! அந்த நேரம் பார்த்து அவ ஓடி வருவா. மூஞ்சி கொள்ளாத சிரிப்பு. "சாரி ஆன்ட்டி! ஒரே நிமிஷம்தான் ஆன்ட்டி!" தப்பும் தினமும் நடக்கும், மன்னிப்பும் தினமும் வரும். நாலு வருஷமா இதே கதைதான். அவ திமிர் புடிச்சவளா இருந்தாக்கூட நல்லா நாலு வார்த்தை கேட்டுட்டு மனசாறத் தூங்குவேன். சிரிக்கிற பொண்ணை என்னடா பண்ண முடியும்?

நானும் சும்மா இருக்கல. மூணு கலர்ல ஸ்கெட்ச் பேனா வாங்கி "கதவை மூடுவது நாகரிகத்தின் அடையாளம்"னு ஒரு நோட்டீஸ் எழுதி லிஃப்டுக்குள்ள ஒட்டப் போனேன். பாண்டுரங்கன் எதிர்ல வந்தார். குடுங்க மேடம், உங்களுக்குக் கை எட்டாதுன்னு வாங்கி, வீட்லேர்ந்து செலோ டேப் எடுத்துட்டு வந்து நாலு மூலையும் மடிப்பு விழாம ஒட்டிக் குடுத்துட்டு, சத்தமா ஒரு தடவை படிச்சுப் பார்த்துட்டு, "கரெக்டா எழுதியிருக்கீங்க மேடம், இந்த பில்டிங்ல சில பேருக்கு ஒழுக்கமே கிடையாது"ன்னார். சொல்லிட்டு வீட்டுக்குள்ள போயிட்டார். லிஃப்ட் கதவைத் திறந்து போட்டுட்டு. சரி, அசோசியேஷன் மீட்டிங்ல பேசுவோம்னு எழுந்து நின்னு இருபது நிமிஷம் பேசினேன். எல்லாரும் தலையை ஆட்டினாங்க. அப்புறம் பேச்சு எப்படியோ தண்ணித் தொட்டி கழுவுறதுக்குப் போயிடுச்சு. மினிட்ஸ் புஸ்தகத்துல என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? "லிஃப்ட் கதவு குறித்து திருமதி தேவானை பேசினார். பிறகு அனைவரும் காபி அருந்தினர்."

உனக்கு இதெல்லாம் சில்லறை விஷயமா தெரியும். தெரியும்னு எனக்கே தெரியும். அதுதான்டா எனக்கு வயித்தெரிச்சல்! பெரிய கஷ்டம் வந்தா நாலு பேர்கிட்டச் சொல்லிக்கலாம், வந்து பக்கத்துல உட்கார்ந்து கையைப் புடிச்சுக்குவாங்க. இதை யார்கிட்டச் சொல்லி அழறது? போன மாசம் பிசியோதெரபி முடிஞ்சு அப்படியே டாக்டரைப் பார்க்கப் போனேன். பி.பி. நூத்தி எழுபத்தெட்டு. டாக்டர் பயந்துட்டார். வீட்ல ஏதாவது பிரச்சினையாம்மா, சொத்துத் தகராறா, யாராவது தவறிட்டாங்களான்னு மெதுவாக் கேக்கறார். லிஃப்ட் கதவுதான் பிரச்சினை, டாக்டர்னு எப்படிச் சொல்றது? ஒண்ணுமில்ல டாக்டர், காலைல ரெண்டு ஊறுகாய் சேர்த்துச் சாப்பிட்டேன்னு பொய் சொல்லிட்டு வந்தேன்.

யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன் ரகு, எனக்கே புரியாம. ரெண்டாயிரத்துப் பதினஞ்சு வெள்ளத்துல இந்தத் தெருவுல இடுப்பளவு தண்ணி. ஆறு நாள் கரெண்ட் இல்ல. யார் மேலயாவது கோபம் வந்துச்சா? வரல. மொட்டை மாடியில எல்லாரும் ஒண்ணா உப்புமா கிளறிச் சாப்பிட்டோம், சிரிச்சுக்கிட்டுக்கூட இருந்தோம். அந்த வெள்ளம் என்னைப் பார்த்து வரல, ஊருக்கே வந்துச்சு. கதவு அப்படியா? ரெண்டு இழுப்பு இழுக்கணும், அவ்வளவுதான். பச்சைக் குழந்தைகூட இழுக்கும். அந்த ரெண்டு இழுப்பு இழுக்கிற அளவுக்குக்கூட கீழே ஒருத்தி நிக்கறான்னு ஒரு நினைப்பு இல்ல பாரு, அதுதான் குத்துது. பெரிய தொல்லை குடுக்கறவன்கூட நம்மளை ஒரு ஆளா மதிச்சுத்தான் குடுக்கறான். இதுல நான் இருக்கறதே தெரியலைங்கறா. அதையும் தினம் காலைல எட்டு நாப்பதுக்குப் புதுசா வந்து சொல்லிட்டுப் போறா. இன்னொரு அநியாயம் கேளு. அவ ரெண்டு வாரம் பெங்களூருக்கு ட்ரெயினிங் போயிட்டா. அப்பாடான்னு இருந்திருக்கணும் இல்ல? எட்டரைக்கே எனக்குப் பல்லு நறநறங்குது. காபியை ஆறவிட்டுட்டு காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். சத்தம் வரல. வராத சத்தத்துக்கும் எனக்குக் கோபம் வருதுடா! என் காலை நேரத்தையே எழுதி வாங்கிட்டுப் போயிட்டா அந்தப் பொண்ணு.

மறைக்காம இன்னொண்ணும் சொல்லணும், விசாரணைன்னு கேட்டுட்டே. போன வருஷம் எனக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனப்போ நீங்க மூணு பேரும் டெல்லியில மாட்டிக்கிட்டீங்க இல்ல? ரெண்டு ராத்திரி ஆஸ்பத்திரியில என் கூடப் படுத்திருந்தது யாரு? அவதான். நான் கேக்கக்கூட இல்ல. பிளாஸ்க்குல ரசம் எடுத்துட்டு வந்தா, எனக்குத் தலை வாரிப் பின்னி விட்டா, நர்ஸோட சண்டை போட்டு ஃபேன் பக்கத்துக் கட்டிலுக்கு மாத்தி விட்டா. புயலடிச்சு மூணு நாள் லிஃப்ட் ஓடாதப்போ பாண்டுரங்கன் எனக்கு இருபது லிட்டர் கேனைத் தோள்ல தூக்கிட்டு வந்து வச்சார், அந்த மனுஷனுக்கு வயசு அறுபத்திரெண்டு. இல்லைங்கலையே நான்? ஆனா உதவி வருஷத்துக்கு ஒரு தடவை, கதவு வருஷத்துக்கு முந்நூறு தடவை. ஆஸ்பத்திரியிலேர்ந்து டிஸ்சார்ஜ் பண்ணி அவதான் கைத்தாங்கலா என்னைக் கூட்டிட்டு வந்தா. மூணாவது மாடியில இறக்கி, உட்கார வச்சு, மாத்திரை எடுத்துக் குடுத்துட்டு மேலே போனா. போனதும் என்ன கேட்டுச்சு? பியானோ!

இப்ப நீ சொன்ன அந்தக் கோயில் விஷயத்துக்கு வர்றேன். அவங்க ஏன் ஒரு மணி நேரம் லேட், ஏன் வெறுங்கைன்னு கேட்டே இல்ல? இதை நீ படிச்சிட்டு மனசோட வச்சுக்கோ. அன்புக்கரசி காதுக்குப் போகக் கூடாது.

அன்னிக்கு சாயங்காலம் நாலரை மணி. நான் படுத்திருக்கேன். ஆரம்பிச்சுடுச்சு. எட்டு நாப்பதுக்கு வர்றதைத்தான் இத்தனை நாளா தாங்கிட்டேன், சாயங்காலமும் ஆரம்பிச்சா நான் எங்க போவேன்? கண்ணாடிகூடப் போடாம பதினெட்டுப் படி ஏறினேன். லிஃப்ட் திறந்து கிடக்கு, ஒரு ஈ காக்கா இல்ல. மூலையில மஞ்சளா என்னமோ இருந்துச்சு, குப்பைப் பையின்னு நினைச்சேன். மூடிட்டு வந்திருந்தா நான் நல்லவ. ஆத்திரம் யாரை விட்டுச்சு? போங்க, இன்னிக்கு நீங்களும் காத்துக்கிட்டு நில்லுங்கன்னு உள்ளே கையை விட்டு கீழே போற பட்டனை அமுக்கிட்டு, ரெண்டு கதவையும் "டக் டக்"குனு மூடினேன். அது கிளம்பி இறங்குச்சு. ரெண்டாவது மாடியைத் தாண்டலை, டப்புனு கரெண்ட் போச்சு. அம்பத்தஞ்சு நிமிஷம்.

உள்ளே இருந்தது குப்பை இல்லடா. உங்களுக்காக எடுத்து வச்ச பழத்தட்டு, நாலு முழம் மல்லிப்பூ, மைசூர்பாக் டப்பா, அதோட பாண்டுரங்கனோட மூக்குக் கண்ணாடியும் கார் சாவியும் இருந்த மஞ்சப் பை. வீட்டைப் பூட்டிட்டு வர்றதுக்குள்ள நான் அனுப்பி வச்சுட்டேன். அப்பா, அம்மா, பொண்ணு மூணு பேரும் பட்டுப் புடவை, பட்டு வேட்டியோட மாடிப்படியில வரிசையா உட்கார்ந்திருக்காங்க. கடைசியில கரெண்ட் வர்ற மாதிரி தெரியலைன்னு கையில ஒண்ணுமில்லாம ஆட்டோ புடிச்சு ஓடினாங்க. அதுவரைக்கும் அவங்களுக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்ததும் நான்தான். பாண்டுரங்கன் கரெண்டுக்காரங்களைத் திட்டறார், நானும் கூடச் சேர்ந்து திட்டறேன். அந்தப் பொண்ணு என்னை ஒரு பார்வை பார்த்துச்சு, நான் சுவத்துல எறும்பு போறதைப் பார்த்தேன். கேக்கல. ஒரு வார்த்தை கேக்கலைடா அவ. அவங்க கிளம்பினது என் தம்பி வீட்டுக்குப் பொண்ணு காட்டறதுக்குன்னு எனக்கு என்ன கனவா வந்துச்சு? நீ முன்னாடியே சொல்லியிருந்தா நானே வாசல்ல நின்னு கதவைத் திறந்து புடிச்சிருப்பேன். ஆக, தப்பு உன்னோடது.

இருந்தாலும் என் முடிவுல மாத்தமில்ல. அன்புக்கரசிகிட்ட, அக்கா விசாரிச்சாங்க, அவங்க எப்பவும் லேட்டு பண்ற குடும்பம்தானாம்னு மட்டும் சொல்லிடு. பொய்யில்லையே, மத்த நாள்ல எல்லாம் உண்மைதான். கிஷோருக்கு வேற நல்ல இடமாப் பார்ப்போம். தரைத்தளத்துல குடியிருக்கிற குடும்பமாப் பாரு.

உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும், நல்ல ஜீரணமும், கதவு மூடத் தெரிந்த அண்டை வீட்டாரும் என்றென்றும் வாய்க்க வேண்டுமென்று வாழ்த்தி, இத்துடன் முடித்துக்கொள்ளும்,

உன் பிரியமுள்ள அக்கா,
தேவானை.

பின்குறிப்பு: லெட்டரை மடிச்சு கவர்ல போட்டு, எங்க வாட்ச்மேன் டில்லிபாபுவைக் கூப்பிட்டேன். பெசன்ட் நகர்ல அவன் மச்சான் வீட்டுக்குப் போறான், போற வழியில உன் வீட்ல குடுத்துடச் சொல்லலாம்னு. அவன் கவர் மேல அட்ரஸைப் பார்த்துட்டு, "இன்னாமா, ஆஷா பாப்பா கட்டிக்கினு போற ஊடு இதானே?"ன்னான். உனக்கு யார்றா சொன்னான்னேன். "பில்டிங்குக்கே தெரியும்மா. உங்களாண்டதான் யாரும் சொல்லலைன்னு பேசிக்கினாங்கோ. போவட்டும் வுடுமா, அது போயிட்ச்சின்னா காலைல லிஃப்ட்டு உங்களுக்கு ஃப்ரீயா கீது. நீங்க பாட்டுக்கு ஏறலாம், எறங்கலாம்"னுட்டு வாசல்ல நின்னுக்கினு இருக்கான்.

கவரைக் கிழிச்சுட்டேன் ரகு. அவனை ஒரு டீ குடிச்சுட்டு வாடான்னு அனுப்பிட்டு இதை எழுதறேன். மேலே எழுதினதுல கோயில் சமாச்சாரத்தைத் தவிர மத்ததையெல்லாம் மறந்துடு. இந்தச் சம்பந்தம் நின்னுபோச்சுன்னா அவ எங்க இருப்பா? என் தலைக்கு மேல நாலாவது மாடியிலதான் இருப்பா! எனக்கு ஏன்டா இது முன்னாடியே தோணல? பொண்ணு தங்கம். அந்தக் குடும்பம் மாதிரி உனக்குத் தேடினாலும் கிடைக்காது. அன்னிக்கு லேட்டானது முழுக்க முழுக்க என் தப்புன்னு அந்தப் பாராவை அன்புக்கரசிக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டு. திட்டினா திட்டட்டும், சாயங்காலம் நானே நேர்ல வந்து அவகிட்டச் சொல்றேன். மேல் வீட்லயும் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன். தை மாசம் முதல் முகூர்த்தத்தை விடாதே. மாடி ரூமுக்கு எனக்குன்னு சுண்ணாம்பு அடிக்காதே, அவங்க ரெண்டு பேருக்கும் நல்லதா பெயின்டே அடி. நான் எங்கயும் வரல, என் வீட்லயே இருந்துக்கறேன். இதைப் படிச்சதும் உனக்கும் அன்புக்கரசிக்கும் உள்ளூர எவ்வளவு சந்தோஷமா இருக்கும்னு எனக்குத் தெரியாதா?

ஒண்ணே ஒண்ணு. பத்திரிகை அடிக்கறதுக்கு முன்னாடி உன் வாசல் கேட்டுக்குத் தானா மூடிக்கிற மாதிரி நல்ல ஸ்பிரிங்கா ஒண்ணு வாங்கிப் போட்டுடு.